லீலாபாயின் விரல் அளவு

"அவங்களுக்கு விரல் அளவு எத்தறயா சேட்டா?"

திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு நகைக்கடை. அதன் வைரப் பிரிவில் நின்ற அஸ்வதி என்ற பெண், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக இப்படிக் கேட்டாள். பகவதிப்பெருமாளுக்கு அன்று பதில் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். மனைவியின் நட்சத்திரம் தெரியும், இரத்த வகை தெரியும், மீன் குழம்பில் அவளுக்கு எவ்வளவு புளி வேண்டும் என்று தெரியும். விரல் அளவு தெரியாது.

அதுவும் அளவெடுத்தே பிழைக்கிற மனுஷர். தோவாளையிலிருந்து பத்தொன்பது வயசில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர், முப்பது வருஷமாகக் கரமனையில் வேல்சாமியின் கண்ணாடிக் கடையில்தான் இருக்கிறார். ஜன்னலோ, அலமாரிக் கதவோ, சலூனுக்கு நிலைக்கண்ணாடியோ, எதுவானாலும் டேப்பை இரண்டு தரம் வைத்துப் பார்த்த பிறகே கண்ணாடியை மேசையில் கிடத்துவார். கண்ணாடி அறுக்கிற கருவியின் முனையில் பொடியாக ஒரு வைரம் பதித்திருக்கும். அதனால் கடையில் அந்தக் கருவியின் பெயரே டைமண்ட். "பெருமாளே, டைமண்டை எங்க வச்சீரு?" என்று வேல்சாமி கத்துவதைக் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்ததுண்டு.

கல்யாணமான புதிதில் லீலாபாய் கேலி செய்வாள். "ஊருல மத்தவன் எல்லாம் பொண்டாட்டி கையில டைமண்ட் போடுகான். எனக்க மாப்பிள்ளை டைமண்டை வச்சு ஜன்னல் அறுக்காரு."

லீலாபாய் நர்ஸ். பூதப்பாண்டிக்காரி. நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், மகள் திவ்யலட்சுமிக்கு ஒன்பது வயசானபோது குவைத்துக்குப் போனாள். இரண்டே வருஷம் என்றுதான் பேச்சு. இரண்டு முடிந்ததும் வீடு கட்ட வேண்டியிருந்தது. வீடு முடிந்ததும் மகள் காலேஜுக்குப் போனாள். இப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மாசம் லீவில் வருவாள். வந்த முதல் வாரம் விருந்தாளி மாதிரி இருக்கும். கடைசி வாரம் பெட்டி கட்டுகிற வாரம். நடுவில் இருக்கிற இரண்டு வாரத்தைத்தான் பெருமாள் மீதி நாட்களில் நினைத்துப் பார்க்க வைத்துக்கொள்வார்.

இப்போது வீடு இருக்கிறது. திவ்யலட்சுமிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. லீலாபாய் அங்கே இருப்பதற்குச் சொல்ல இனி ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனால் வந்துவிடு என்று பெருமாள் கேட்கவில்லை. வந்துவிடுகிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு நாள் வீடியோ காலில் அவள் ஒரு மோதிரத்தைப் பற்றிச் சொன்னாள். ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மாவின் விரலிலிருந்து அதைச் சோப்பும் நூலும் வைத்து இவள்தான் கழற்றினாளாம்.

"எமரால்ட் கட்டாம். நம்ம ஊரு வைரம் மாதிரி மினுமினுன்னு கண்ணைக் குத்தாது. நீளமா, ஒரு ஜன்னல் மாதிரி. உள்ளாற படிப்படியா எறங்கிப் போகுது. கையில வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் சும்மா நின்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு வேணும்னு சொல்லல்ல, கேட்டியளா. சும்மா சொன்னேன்" என்றாள்.

அந்தச் சும்மாவைப் பெருமாள் மறக்கவில்லை.

அவர் முதலில் கேட்டது முதலாளி வேல்சாமியிடம். "எமரால்டுன்னா பச்சைக் கல்லுல்லா வே?" என்றார் வேல்சாமி. "மரகதம். ஜாதகம் பாக்காம போடப்பிடாது." பெருமாள் அதை நம்பி ஒரு கடையில் பச்சைக் கல்லாகவே பார்த்துவிட்டு வந்தார். ஒன்றிலும் படி இல்லை, ஜன்னல் இல்லை. இரண்டாவதாகப் போன கடையில்தான் அஸ்வதி கிடைத்தாள். மரகதத்தை வெட்டுவதற்கென்று உண்டான வெட்டு அது, அதே வெட்டில் வைரத்தையும் வெட்டுவார்கள், கல்லுக்குப் பச்சையோடு சம்பந்தம் இல்லை என்று அவள்தான் விளக்கினாள்.

விரல் அளவு தெரியாது என்றதும் அவள் சிரிக்கவில்லை. "சாரமில்ல சேட்டா, பரவாயில்ல. கல்லை இன்னைக்கு எடுக்கலாம். அளவு பின்னே சொன்னா மதி, போதும். இங்க நாங்க பன்னெண்டு, பதினாலுன்னு சொல்லுவோம். கல்ஃபில உள்ளவங்க ஆறு, ஆறரை, ஏழுன்னு சொல்லுவாங்க. எது சொன்னாலும் நான் பார்த்துக்கறேன்."

கறுப்பு வெல்வெட் தட்டில் நாலு கற்களை வைத்தாள். பூமியிலிருந்து எடுத்தவை இல்லை, லேபில் வளர்த்த வைரங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"மனுசன் செஞ்சதுன்னா கண்ணாடி மாதிரிதானே. நமக்குப் பழக்கந்தான்" என்றார் பெருமாள்.

மேலே இருந்த விளக்குகளில் நாலு கல்லும் ஒரே மாதிரி ஜொலித்தன. பெருமாள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இந்த லைட்டை அணைக்க முடியுமா பிள்ளே?" என்று கேட்டார்.

"அய்யோ, அது பற்றில்ல சேட்டா, முடியாது."

"அப்ப வாசலுக்குக் கொண்டு போயிப் பாப்போம். இந்த வெளிச்சத்தில சோடா குப்பித் துண்டும் வைரமாத்தான் தெரியும்."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் செக்யூரிட்டி குறுக்கே வந்து நின்றார். "எங்கோட்டா சேட்டா?" நல்ல வேளை, அஸ்வதி ஓடி வந்து மேனேஜரிடம் கையசைத்து, தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். செக்யூரிட்டியும் சேர்ந்து மூன்று பேருமாக வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். வெளியே பிள்ளையார் கோயிலில் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டபடி இருந்தது. செக்யூரிட்டியும் எட்டிப் பார்த்தார்.

பகல் வெளிச்சத்தில் கற்கள் வேறுவேறாகப் பிரிந்தன. பெரிய கல்லைச் சாய்த்தபோது ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டியது. இரண்டாவதில், மேல்தளத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு.

"அந்தக் கோடு ரொம்பச் சின்னது சேட்டா. லென்ஸ் வச்சாத்தான் காணும்."

"எனக்கு லென்ஸ் வேண்டாம். கண்ணாடிக்குள்ள குமிழ் பாத்துப் பாத்து இந்தக் கண்ணு அப்படி ஆயிட்டு."

"ரவுண்ட் கட்டுன்னா மினுக்கத்தில மறைஞ்சிரும். இது ஒண்ணும் மறைக்காது. அதாக்கும் இதோட குழப்பம்" என்றாள் அஸ்வதி.

குறையைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். பெருமாளுக்கு அந்தக் குழப்பம் பிடித்திருந்தது. மூன்றாவது கல் அநேகமாகச் சதுரமாக இருந்தது. லீலாபாய் சொன்ன ஜன்னல் அது இல்லை. நாலாவது எல்லாவற்றிலும் சின்னது. நாலு மூலையும் அளவாகச் சீவியிருந்தது. அஸ்வதி குறட்டில் பிடித்து மெல்லத் திருப்ப, ஒரு படி வெளிச்சமாயிற்று, அடுத்த படி இருட்டாயிற்று, அதற்கும் உள்ளே இன்னொரு படி வெளிச்சமாயிற்று. பெருமாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் லீலாபாய் ஒரு நிமிஷம் சும்மா நின்ற இடத்தில் தானும் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"எல்லாரும் பெரிசாத்தான் எடுப்பாங்க" என்று அஸ்வதி மெதுவாகச் சொன்னாள்.

"பெரிசு வேண்டாம். சுத்தமா இருந்தா மதி."

இந்த மோதிரத்துக்குள் பெருமாள் ஒரு கேள்வியை வைத்திருந்தார். ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிற நர்ஸ் மோதிரம் போட முடியாது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமே கூடாது, கையுறை கிழிந்துவிடும். குவைத்துக்குத் திரும்பிப் போனால் மோதிரம் அலமாரியில்தான் கிடக்கும். லீலாபாய் அதை விரலில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டுமானால் அவள் இங்கே இருக்க வேண்டும். இனி போகாண்டாம் லீலா, இங்கேயே இரு. இந்த வார்த்தைகளைப் பதினாலு வருஷத்தில் அவர் சொன்னதில்லை. அவள் எல்லாருக்காகவும் உழைக்கும்போது அதைச் சொல்வது தன் சௌகரியத்துக்காகக் கேட்பதாகிவிடுமோ என்று ஒரு கூச்சம். விரலில் மோதிரம் இறங்குகிற நேரத்தில் வார்த்தையும் தானாக வந்துவிடும் என்று நினைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் டியூட்டிக்குள் நுழைகிற நேரம் பார்த்து ஃபோன் போட்டார். "பிள்ளே, உனக்கு கை என்ன சைஸு?"

"ஆறரை. எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா? உங்களுக்கு என்னவோ ஆயிட்டு. கேஸ் உள்ள வந்தாச்சு, வைக்கட்டா?"

பெருமாளுக்கு ஒரே சந்தோஷம். கல்ஃப்காரர்கள் ஆறரை, ஏழு என்று சொல்லுவார்கள் என்று அஸ்வதி சொன்னது அப்படியே இருக்கிறதே! மறுநாளே போய் ஆறரை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். ஓணத்துக்கு முன்னால் மோதிரம் தயாராகிவிட்டது.

லீலாபாய் லீவில் வந்தாள். ஆனால் மோதிரத்தைக் கொடுக்க நேரம் வாய்க்கவில்லை. முதலில் மகள் பெங்களூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தாள். பிறகு பூதப்பாண்டிக்குப் போனார்கள். பிறகு ஓணம். தினமும் காலையில் அலமாரியில் பனியன்களுக்கு அடியில் கையை விட்டு டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெருமாள் கடைக்குப் போவார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் போனதில், அவள் கிளம்புகிற சனிக்கிழமைக்கு ஐந்தே நாள் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் லீலாபாய் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கையை நீட்டு" என்றார் பெருமாள்.

"எதுக்கு? கையெல்லாம் தேங்கா."

அவர் டப்பாவைத் திறந்தார். லீலாபாய் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"எமரால்ட் கட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெருமாள் அவள் விரலைப் பிடித்து மோதிரத்தை ஏற்றினார். நகத்தைத் தாண்டியது, முதல் கணுவைத் தாண்டியது, நடுக்கணுவில் நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தார். சோப்புப் போட்டுப் பார்த்தார். இறங்கவில்லை.

"இந்த அளவு யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. ஆறரைன்னு."

லீலாபாய் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், துருவியைத் தள்ளிவிட்டு அப்படியே தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "அட மனுசா! அது கிளவுஸ் சைஸாக்கும்! நர்ஸுகிட்ட கை சைஸு என்னன்னு கேட்டா கிளவுஸு சைஸைத்தான் சொல்லுவா!"

பெருமாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மோதிரத்தைக் கழற்ற அவள் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அப்போதுதான் பார்த்தார். கணுக்கள் வீங்கித் தடித்திருந்தன. நாள் முழுவதும் மருந்து போட்டுக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்திருந்தது. பதினாலு வருஷமாக ஃபோனில் அவர் பார்த்தது முகத்தை மட்டும். கை ஃபோனைப் பிடித்துக்கொண்டு எப்போதும் திரைக்கு வெளியே இருந்துவிட்டது. லீவில் வந்தபோதெல்லாமும் இந்தக் கை சமைத்துக்கொண்டோ பெட்டி கட்டிக்கொண்டோ ஓடிக்கொண்டே இருந்தது. அளவெடுக்கிறவர் அதைப் பிடித்து வைத்துப் பார்க்கவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் அவர் வார்த்தையை மோதிரத்தோடு கட்டி வைத்திருந்தார். மோதிரம் இறங்கவில்லை, வார்த்தையும் வரவில்லை. "நாளைக்குப் போயி பெரிசாக்கிட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இருவருமாகக் கடைக்குப் போனார்கள். அஸ்வதி அளவு வளையங்களின் கொத்திலிருந்து ஒவ்வொன்றாக லீலாபாயின் விரலில் போட்டுப் பார்த்தாள். பதினேழு சரியாக இருந்தது.

"பத்து நாள் ஆகும் சேச்சி."

"நான் சனிக்கிழமை போறேன் மோளே."

அஸ்வதிக்கு முகம் வாடிவிட்டது. கல்லை எடுத்த நாளிலிருந்து அவளுக்கும் இதில் ஒரு ஆசை. "லீவு கொஞ்சம் நீட்டிக்கூடே? சேட்டன் வாசல்ல கொண்டு போயி பார்த்து எடுத்த கல்லாக்கும். சேச்சி போடாம போறதா?"

லீலாபாய் மெல்லத் திரும்பிப் பெருமாளின் முகத்தைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாது. தொண்டையில் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் எதிரே கடைப்பெண், பக்கத்தில் வேறு ஆட்கள். சிக்கலுக்கு வழி சொல்கிற மாதிரி லீலாபாயிடம் சொன்னார்.

"நீ போயிட்டு வா. நான் வந்து வாங்கிக்கிடுகேன்."

லீலாபாய் மறுபடியும் கவுண்டர் பக்கம் திரும்பினாள். "ஆமா மோளே. அவரு வந்து வாங்கிக்கிடுவாரு."

கரமனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் வருகிற நேரத்தில், "கல்லு நல்ல கல்லு" என்றாள்.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, பெருமாள் வாசல்வரை வந்தார். அதற்கு மேல் பயணிகளுக்கு மட்டும்தான் வழி. லீலாபாய் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டே, காஸ் அடுப்பை ஒழுங்காக அணைக்கச் சொன்னாள், பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம் என்றாள். பிறகு அவரைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நீங்க என்ன சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

பெருமாள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற குடும்பத்தின் வண்டி அவள் வண்டியை இடித்தது. காவலர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் கண்ணாடியின் கனத்தைப் பார்க்கிறவர், அன்று அந்தக் கண்ணாடி வழியாக ஒரு நீலப் புடவையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அது திரும்பி ஒரு தரம் கையைத் தூக்கியது. கூட்டத்தில் மறைந்தது.

பத்தாம் நாள் மோதிரம் வந்தது. அஸ்வதி டப்பாவைத் திறந்து காட்டி, "சேச்சி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். "வருவா" என்றார் பெருமாள்.

வருவது இப்போது ஒரு கையெழுத்தில் இருக்கிறது. லீலாபாயின் காண்டிராக்ட் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் ஜனவரியில் வீட்டுக்கு வந்துவிடலாம். "என்ன செய்யட்டும்?" என்று அவள் கேட்கவில்லை. "டிசம்பர்ல பேப்பர் வரும்" என்று மட்டும் ஒரு நாள் ஃபோனில் சொன்னாள். அவள் தன்னால் முடிந்தவரை கதவைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று வேல்சாமிக்கே புரிந்துவிட்டது. "ஓய், ஃபோனை எடுத்து ஒத்த வார்த்தை சொல்லும் வே! கண்ணாடி அறுக்க மட்டுந்தான் உமக்குத் தெரியுமா?" என்று கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி திட்டுகிறார்.

பெருமாள் முயற்சி செய்யாமல் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட ஆரம்பித்தார்.

"லீலா, ஒரு காரியம்."

"சொல்லுங்க."

அவள் குரல் மாறியது அவருக்குக் கேட்டது. அவள் அறையில் உடன் இருக்கும் பெண்களின் பேச்சும் கேட்டது.

"அங்க குளிரு வந்துட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் வரல்ல" என்றாள் லீலாபாய்.

இதை வாசிக்கிற உங்களுக்குக் குவைத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரையாவது தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்திலும் நாஞ்சில் நாட்டிலும் அப்படி ஒருவர் இல்லாத தெரு குறைவு. தயவுசெய்து இந்தக் கதையை அவருக்கு அனுப்புங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவரானால் மலையாளத்தில் சொல்லுங்கள். டியூட்டி மாறுகிற நேரத்தில் அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும், அவர் மற்றொருவருக்குச் சொல்லட்டும். டிசம்பர் முடிவதற்குள் எப்படியாவது இது லீலாபாய் என்ற பூதப்பாண்டிக்காரியின் காதுக்குப் போய்விட வேண்டும். அன்றைக்குக் கடையில் பெருமாள் சொல்ல நினைத்தது "வந்து வாங்கிக்கிடுகேன்" என்று இல்லை. போகாண்டாம் என்றுதான்.